இரண்டாம் சுற்றுக்கு நானும் வருகிறேன்

ஜூன் 8, சனி

நேற்று மாலை எங்களுக்கு வரவேற்பு விருந்து. நகோயாவுக்கு வந்து மூன்று வாரம் ஆன பிறகு வரவேற்கிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை. எங்கள் பக்கம் மூன்று பேர்: சென்னையிலிருந்து வந்த மேலாளர் கிருபாகரன், போன வருடம் கல்லூரி முடித்த ஆல்வின், நான். அந்தப் பக்கம் ஏழெட்டு ஆண்கள், நடுவில் ஹயாமா. வாடிக்கையாளர் நிறுவனத்தில் எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அவர்களுடைய கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நாங்கள் எழுதும் மென்பொருள் அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

பியர் பாட்டில்கள் வந்ததும் கிருபா என் பக்கம் சாய்ந்தார்.

"மாரி, ஹயாமாவுக்கு நீ ஊத்தும்மா."

"ஏன், அவருக்குக் கையில்லையா?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

"நான் டெஸ்ட் லீட். ஊத்துறதுக்கு வரல."

சொல்லிவிட்டு என் குவளையில் நானே ஊற்றிக்கொண்டேன். ஆரஞ்சு ஜூஸ்தான். என் மறுபக்கத்தில் இருந்த ஜப்பானியர், நான் அவரை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டதைப் போல முகம் சுருங்கிப்போனார். பிறகுதான் கவனித்தேன். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். ஹயாமாவே எழுந்து வந்து ஆல்வினுக்கு ஊற்றினார். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதுதான் பிழை. பக்கத்தில் இருப்பவன் என்னைக் கவனிக்கவில்லை என்று ஊருக்குச் சொல்வதற்குச் சமம்.

சரி, தப்பு என்னுடையது. ஆனால் கிருபா அதை என்னிடம் மட்டும் சொன்னார். ஆல்வினிடம் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் கடை வாசலில் ஒரு கூட்டம் கூடியது. இரண்டாம் சுற்று என்று ஒன்று இருக்கிறதாம். எல்லோரும் சேர்ந்து வேறொரு இடத்துக்குப் போய்க் குடிப்பது. ஹயாமா எனக்காக டாக்ஸியை நிறுத்தி, கதவு திறந்ததும் தலை குனிந்தார். "மாரி-ச்சான், களைப்பா இருப்பீங்க. பத்திரமாப் போங்க." ஆண்களை 'சான்' போட்டு அழைக்கிறார், அது மரியாதை. என்னை மட்டும் 'ச்சான்', அது சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சும்போது சொல்வது. எனக்கு வயது இருபத்தாறு.

டாக்ஸி திரும்பும்போது பார்த்தேன். கிருபாவும் ஆல்வினும் அவர்களோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜூலைக்குப் பிறகு அடுத்த கட்ட வேலைக்கு எங்களில் ஒருவர்தான் இங்கே இருக்கப்போகிறார். இரண்டு வருடம். கிருபாவுக்குச் சென்னையில் வேறு வேலை. ஆக, நான் அல்லது ஆல்வின். ஹயாமா யாரைக் கேட்கிறாரோ அவர். ஆல்வினுக்கு ஜப்பானியத்தில் காலை வணக்கம் தெரியும், நன்றி தெரியும், கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

மூன்று வாரம் சோதனை என்று நான் போட்ட திட்டம் ஒரு வாரமாகச் சுருங்கிவிட்டது. யார் சுருக்கினார்கள், எப்போது? வெள்ளிக்கிழமை ராத்திரி பேசி முடிவாகிவிட்டது என்றார் கிருபா.

"எங்க வச்சு?"

"அங்கதான். ரிந்தோல."

ரிந்தோ என்பது ஹயாமா வழக்கமாகப் போகும் கடை. கடை என்றால், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து விஸ்கி கலந்து கொடுத்துப் பேச்சுக் கொடுக்கும் கடை. ஆல்வின் மதியச் சாப்பாட்டின்போது விவரம் சொன்னான்.

"அக்கா, அந்தக் கடை ஓனரம்மாவ எல்லாரும் மாமா, மாமான்னு கூப்பிடறாங்க. நான் ஃபர்ஸ்ட் பயந்தே போயிட்டேன். இங்க அதுக்கு அம்மான்னு அர்த்தமாம்."

"பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க."

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லக்கா. கையக்கூட தொடல. நான் பாதில தூங்கிட்டேன்."

"டெஸ்டிங் பத்தி என்ன பேசினாங்க?"

"அது நான் தூங்கினப்ப பேசியிருப்பாங்க போல."

நான் இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட திட்டம். இவன் தூங்கிக்கொண்டிருந்த அறையில் செத்துப்போனது.

ஜூன் 11, செவ்வாய்

மழை. பிளாஸ்டிக் குப்பை போடும் நாளில் காகிதக் குப்பையைப் போட்டுவிட்டேன். பையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வாசலிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 13, வியாழன்

கிருபாவிடம் கேட்டேன், அடுத்த முறை நானும் வருகிறேன் என்று. கேட்டேன் என்றால் அனுமதி இல்லை, தகவல்.

"அங்கெல்லாம் நீ வந்தா அவங்களுக்குச் சங்கடம்மா."

"எனக்குச் சங்கடமில்ல."

"புரிஞ்சுக்கோ. அது ஆம்பளைங்க ரிலாக்ஸ் பண்ற இடம்."

"என் டெஸ்ட் பிளானையும் சேர்த்து ரிலாக்ஸ் பண்றீங்க. அதான் வரேங்கறேன்."

"நீ எல்லாத்தையும் தப்பா எடுத்துக்குவே. அன்னிக்கு பியர் விஷயத்துலயே பாத்தேனே."

பியர் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். ஒரு முறை தப்பாகக் கோபப்பட்டுவிட்டால், பிறகு சரியாகக் கோபப்படவும் உரிமை போய்விடுகிறது.

அதனால் மதியம் உணவுக்கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு ஹயாமாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஜப்பானியத்தில், இரண்டாம் சுற்றுக்கு என்னையும் அழைத்துப் போக முடியுமா என்று கேட்டேன். அவர் நூடுல்ஸை வாயில் பாதி வைத்தபடி நிமிர்ந்தார். பிறகு சிரித்தார்.

"மாரி-ச்சான், நீங்க வேடிக்கையான ஆளு."

"அப்ப வரலாமா?"

"வாங்க, வாங்க. ஆனா உங்களுக்கு அலுப்பா இருக்கும்."

அலுப்பாக இருந்தால் நானும் தூங்கிக்கொள்கிறேன், ஆல்வின் தூங்கவில்லையா என்றேன். இந்த முறை உண்மையாகவே சிரித்தார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, சனி

போய்விட்டு வந்தேன்.

நிஷிகி என்ற பகுதி. கட்டடத்துக்குக் கட்டடம் மாடிக்கு நாலைந்து கடை, ஒவ்வொன்றின் பெயரும் தெருவை நோக்கித் தொங்கும் நீள விளக்குப் பலகையில். ரிந்தோ ஆறாவது மாடி. நம் ஊர் நகைக்கடையின் மேல்தளம் அளவுதான் இருக்கும், குளிரும் அதே குளிர். சுவரோரம் சோபாக்கள், நடுவில் தாழ்ந்த மேசைகள். வாடிக்கையாளருக்குச் சோபா. கடைப்பெண்களுக்கு எதிரே முதுகு சாய இடமில்லாத வட்ட ஸ்டூல். ஒரு பக்கச் சுவர் முழுக்க விஸ்கி பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதிய சின்னத் தகடு. ஹயாமாவின் பாட்டில் அவர் கேட்காமலே வந்தது.

நான் என்னவெல்லாமோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். சினிமாவில் காட்டுவது போல ஏதாவது. நடந்தது என்ன? ஹயாமா தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். கடைப்பெண் 'அப்படியா' என்றாள். மதியம் சாப்பிட்ட விலாங்கு மீனைப் பற்றிச் சொன்னார். 'அப்படியா, நல்லா இருந்துச்சா' என்றாள். அவர் மகள் தன்னோடு பேசுவதில்லை என்றார். அவள் எதுவும் சொல்லாமல் குவளையைத் துடைத்தாள். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே வாய் மூட வேண்டும் என்று அவளுக்கு மிக நன்றாகத் தெரிகிறது. வீட்டில் யாரும் கேட்காத பேச்சைக் கேட்க, அலுவலகச் செலவில் ஆள் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கேளிக்கை. எனக்குப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. ஒரு நாட்டில் ஆண்கள் பேசிக்கொள்ள இப்படி ஒரு தொழிலே வேண்டியிருக்கிறது என்றால் அந்த வீடுகளுக்குள் என்னதான் நடக்கிறது? எங்கள் கோவில்பட்டியிலும் ஆண்கள் வீட்டில் பேசுவதில்லை. ஆனால் டீக்கடையில் ஓசியில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் சயோ. கடைக்கு வைத்துக்கொண்ட பெயராம். முப்பது வயது இருக்கும். மடியில் மடித்து வைத்த கைக்குட்டை. குவளையில் நீர் முத்து முத்தாகக் கோத்ததும் எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பாள். எனக்கும் வைத்தாள். பெண் வாடிக்கையாளரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எனக்கு இரட்டிப்பாகச் செய்தாள். சூடான துண்டை இரண்டு கையாலும் நீட்டினாள். என் குவளையை மூன்றாம் முறை துடைக்க வந்தபோது நான் தடுத்தேன்.

"வேண்டாம். நானே துடைச்சுக்கறேன்."

துடைத்தும் காட்டினேன். இன்னொரு பெண்ணை எனக்கு வேலைக்காரியாக்க மாட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. ஆல்வினின் குவளையையும் நானே துடைத்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா என்கிற அந்தக் கிமோனோ அணிந்த அம்மா, கண்ணாலேயே சயோவைக் கூப்பிட்டார். சயோ போய், தலையைக் குனிந்து ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். என் பக்கம் சாய்ந்து, சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்.

"ஒரு உதவி செய்வீங்களா? குவளையை என்கிட்ட விட்டுடுங்க. வாடிக்கையாளரே துடைக்கிற அளவுக்கு நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு மாமா சொல்றாங்க."

"நான் உங்களுக்கு மரியாதைக்காகத்தான்..."

"புரியுது. ஆனா அது என் வேலை. உங்க கம்ப்யூட்டரை நான் வந்து தட்டினா எப்படி இருக்கும்?"

பியருக்கு அடுத்து இது. இந்த ஊரில் நான் எடுத்து வைக்கும் ஒவ்வொரு நியாயமும் யாராவது ஒருவர் காலை மிதிக்கிறது. மீதி நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு அவளை வேலை செய்யவிட்டேன். அது பியர் ஊற்றுவதைவிடக் கஷ்டம்.

சோதனைக் காலத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன். ஹயாமா கேட்டார். ஒரு வாரச் சோதனை இரண்டு வாரமாயிற்று, அரை நிமிடத்தில். அலுவலகத்தில் நான் நாற்பது பக்கத்துக்கு விளக்கப்படம் போட்டுக் காட்டியபோது ஆகாதது.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் சயோவிடமிருந்து போனில் செய்தி. 'வெள்ளிக்கிழமை உங்களோடு பேசியது மிகவும் மகிழ்ச்சி. மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.' கீழே குடை பிடித்த பூனைப் படம்.

நாலு வாரத்தில் அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி. நல்லதாக ஒரு பதில் எழுதினேன். கோவில்பட்டியைப் பற்றியும், எங்கள் ஊர் வெயிலைப் பற்றியும் எழுதினேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது.

மாலையில் ஆல்வின் அரிசி கேட்டு வந்தான்.

"அக்கா, இது என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்களேன்."

அதே செய்தி. எழுத்துக்கு எழுத்து. அதே பூனை.

"மழையாம். உடம்பப் பாத்துக்கணுமாம்."

"எனக்கு எதுக்கு அனுப்பறாங்க? நான்தான் தூங்கிட்டேனே."

எனக்கு ஒன்றுமில்லை. அவள் வேலை அது.

ஜூன் 19, புதன்

அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, ஆகஸ்ட்ல வந்துருவேல்லா? பொண்ணு பாக்க அவுக கேட்டுக்கிட்டே இருக்காக. பையனுக்கு லீவு அப்பத்தான் கெடைக்குமாம்."

"இன்னும் முடிவாகல."

"என்ன முடிவாகல? நீ வாரதா, அவுக வாரதா?"

நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 22, சனி

இரண்டாம் முறை. இப்போது எனக்கு விவரம் தெரியும். ஹயாமாவுக்கு நான் ஊற்றினேன், அவர் எனக்கு ஊற்றினார். அதில் எனக்கு வலி இல்லை. குவளையைத் தொடவில்லை.

சயோவிடம் இதற்கு முன் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டேன். முதியோர் இல்லத்தில் இருந்தாளாம், அகிதாவில்.

"அங்கயும் தாத்தாக்கள் பேசுவாங்க, நான் கேட்பேன். குளிப்பாட்டவும் வேணும். இங்க குளிப்பாட்ட வேண்டாம்."

"கோபம் வராதா?"

"யார் மேல?"

"இவங்க மேல."

"உங்களுக்கு வருது இல்லையா, அதை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அதுல வேலை இல்லை," என்றாள். சொன்ன தோரணையில் கிண்டலா, வருத்தமா என்று பிடிபடவில்லை. எப்படியோ, என் நீளமான செய்திக்கு அவள் பதில் போடாததைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

ஜூன் 26, புதன்

வெள்ளிக்கிழமை டோக்கியோ தலைமை அலுவலகத்திலிருந்து ஷிமோதா என்ற இயக்குநர் வருகிறார். அடுத்த கட்டத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் அவர். விருந்து, பிறகு ரிந்தோ. யார் இங்கே இருப்பது என்பதும் அன்றே பேசப்படும் என்றார் கிருபா. ஹயாமா என் பெயரைத்தான் சொல்லப் போகிறாராம்.

"நெஜமாவா?"

"அவருக்கு உன்னப் பிடிச்சுப் போச்சும்மா. ஒண்ணு பண்ணு. அன்னிக்கு சேலை கட்டிட்டு வா. அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ஆல்வின் வேட்டி கட்டிட்டு வரானா?"

கிருபா கண்ணை மூடிக்கொண்டார்.

என் பெயர். இரண்டு வருடம். இன்றைக்குக் குப்பையைக்கூடச் சரியாகப் பிரித்தேன்.

ஜூன் 29, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, அலுவலகத்துக்குப் போன அதே உடுப்பு. ரிந்தோவில் ஷிமோதாவின் ஆட்கள் நாலு பேர் கூடுதல். நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள் சோபா நிரம்பிவிட்டது. ஷிமோதாவுக்கு எதிரே ஒரு வட்ட ஸ்டூல் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அது யார் உட்காரும் இடம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

ஷிமோதாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். விருந்தில் தூரத்தில் இருந்ததால் என்னைப் பார்த்திருக்கவில்லை. காலியான குவளையை என் பக்கம் நீட்டினார், என்னைப் பார்க்காமல். பிறகு பார்த்தார், மேலிருந்து கீழ் வரை. திரும்பி ஹயாமாவிடம் கேட்டார்.

"புதுசா வந்த பொண்ணா? எந்த ஊரு?"

"இந்தியா," என்றார் ஹயாமா.

அவ்வளவுதான் சொன்னார். இரண்டாவது கேள்விக்குப் பதில். முதல் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். மேலதிகாரி தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சபையில் காட்டக் கூடாதே. நான் அவரைப் பார்த்தேன். அவர் பாட்டிலின் கழுத்துத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதானே, கண்ணு நல்லா இருக்கு," என்று ஷிமோதா குவளையை ஆட்டினார். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

கிருபா தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு தடவ ஊத்திடும்மா. அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"ஹயாமாவுக்கு ஊத்தினேனே. அது வேற, இது வேற."

"என்ன வேற? அதே விஸ்கிதான்."

"என்ன யாருன்னு நெனச்சுக்கிட்டுக் கேக்காருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"யாருன்னு நெனச்சா என்ன? அஞ்சு நிமிஷம். ரெண்டு வருஷம்டா மாரி, ரெண்டு வருஷம்."

சயோ புரிந்துகொண்டாள். என் பக்கத்திலிருந்து பாட்டிலுக்குக் கை நீட்டினாள். அவள் ஊற்றியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இங்கே நான் ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும். சயோவைப் போன்றவள் என்று என்னை நினைத்தது அவமானம் என்றால், சயோ பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைச் சொல்ல முடியாது. என் கோபம் அந்த வேலை மேல் இல்லை. நான் யார் என்று தெரிந்த ஹயாமாவும் கிருபாவும் அதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. அதன் மேல்தான்.

நான் எழுந்து நின்று என் பெயர் அட்டையை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, தலை குனிந்து நீட்டினேன்.

ஷிமோதா ஒரு கையால் வாங்கினார். படிக்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடைப்பெண்களிடமும் அட்டை உண்டு. முனை மழுங்கிய, பூப்போட்ட சின்ன அட்டை. அதை அப்படித்தான் வாங்குவார்கள். அலுவலக அட்டை என்றால் கதை வேறு. எழுந்து நிற்க வேண்டும், இரண்டு கையால் வாங்க வேண்டும், படிக்க வேண்டும், தன் அட்டையைத் தர வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

"மன்னிக்கணும்," என்றேன். "தயவுசெய்து படிச்சுப் பாருங்க."

குவளை நின்றது. மாமா கல்லாப்பக்கத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார். ஷிமோதா அட்டையை எடுத்தார். வெளிச்சம் போதவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். படித்தார். திரும்பவும் படித்தார்.

"நான் மாரிச்செல்வி. உங்கள் தொழிற்சாலை மென்பொருளுக்குச் சோதனைத் தலைமை நான்தான். இனி உங்கள் ஆதரவை வேண்டுகிறேன்." பாடப்புத்தகத்தில் இருக்கும் வாக்கியம். ஒரு சொல் பிசகவில்லை.

ஷிமோதா எழுந்தார். தாழ்ந்த சோபா, நெருங்கிய மேசை, முழங்கால் இடித்தது. அவர் எழுந்ததால் அவர் ஆட்கள் எழுந்தார்கள். ஹயாமா எழுந்தார். கிருபா எழுந்தார். கடைசியாகத் தூக்கத்திலிருந்து ஆல்வின் எழுந்து, எதற்கு என்று தெரியாமல் எல்லோருக்கும் குனிந்தான். ஷிமோதா தன் அட்டையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவர் காது சிவந்திருந்தது.

"ஷிமோதா. அறியாமல் நடந்துகொண்டேன்."

பிறகு எப்படி உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் விருந்து கலைந்தது. யார் இங்கே இருப்பது என்று யாரும் பேசவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

சயோவிடமிருந்து செய்தி. பூனை இல்லை.

'வெள்ளிக்கிழமை அந்த மேசை என் பொறுப்பு. உங்களை அந்த ஸ்டூலில் உட்காரவிட்டது என் கவனக்குறைவு என்று மாமா சொன்னார். ஒரு வாரம் வர வேண்டாம் என்றும் சொன்னார். நீங்கள் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாள் கடைக்கு வராதீர்கள்.'

ஆல்வின் அறைக்குப் போய், அவனுக்கு ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றான்.

ஜூலை 1, திங்கள்

கிருபா ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தார். அழகான காகிதத்தில் சுற்றியது. இங்கே மன்னிப்புக் கேட்கப் போனால் இப்படி ஒன்றைக் கொண்டுபோக வேண்டுமாம்.

"ஹயாமாகிட்ட போ. சூழ்நிலை தெரியாம நடந்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை. அவர் ஷிமோதாகிட்ட சொல்லிக்குவார். இன்னும் உன் பேர்தான் லிஸ்ட்ல இருக்கு."

"எனக்குச் சூழ்நிலை தெரியுமே."

"ஷிமோதா மூஞ்சி போச்சும்மா, அத்தன பேர் முன்னாடி."

"ஷிமோதா ஒத்துக்கிட்டார். எந்திரிச்சு நின்னு சொன்னார். ஹயாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யார் மூஞ்சியும் போயிருக்காது. உங்களுக்கும் வாய் இருந்துச்சு, கிருபா."

அவர் பெட்டியின் ரிப்பனைத் தடவினார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மாரி," என்றார். அந்தப் பதில் எதற்குப் பொருந்தும் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அதையே சொல்லலாம் போல. பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாளை காலை வரை நேரம்.

இரவு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பார்த்தேன். ஜப்பானியத்தில் அந்த நடை கடினம், எனக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான். மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது நன்றாக வந்தது. கிழித்து, காகிதக் குப்பையில் போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

பெட்டியைப் பிரித்து அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஹயாமாவுக்கும். எதற்கு என்று கேட்டார். இனிப்பு என்றேன்.

மாலையில் கிருபா சொன்னார். "ஆல்வின கேக்கறாங்க. உனக்கு இந்தச் சனிக்கிழமையே டிக்கெட்."

"காரணம்?"

"கம்ஃபர்ட்."

ஆல்வின் என் கதவைத் தட்டி, உள்ளே வராமல் நின்றான். "அக்கா, நான் கேக்கல."

"தெரியும்டா."

"எனக்கு அந்த விஸ்கி ஒத்துக்கவே மாட்டேங்குதுக்கா. ஹயாமா ஊத்தினா எப்படி வேணாம்கறது?"

"குவளை நெறஞ்சிருந்தா ஊத்த மாட்டாங்க. காலி பண்ணாம வச்சிரு."

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். ஊருக்கு வருகிறேன் என்றேன். பெண் பார்க்க யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். "வேல போச்சு, இதுவும் வேண்டாம்னா என்னதாண்டி வேணும் ஒனக்கு?" என்று அழுதாள். வேலை போகவில்லை, இடம்தான் போனது என்றேன். வித்தியாசம் அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது.

ஜூலை 3, புதன்

சோதனையை மறுபடி ஒரு வாரமாக்கிவிட்டார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அட்டவணை தானாக மாறியிருந்தது.

சயோவுக்கு எழுதினேன். உங்களுக்கு ஏற்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அதற்கு மட்டும். ஊருக்குப் போகிறேன். இரண்டு வரி. இரவே பதில் வந்தது: 'எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம். போய் வாருங்கள்.'

ஜூலை 4, வியாழன்

கிருபா காலையில் நல்ல மனநிலையில் வந்தார்.

"மாரி, நாளைக்கு சாயங்காலம் உனக்கு ஃபேர்வெல். ஹயாமாவே ஏற்பாடு பண்றார், பெரிய மனசு. ரிந்தோலதான். வேலை ஒப்படைக்கிறதப் பத்தியும் அங்கேயே ரிலாக்ஸ்டா பேசி முடிச்சிடலாம்."

"எனக்கு ஃபேர்வெல் வேண்டாம்."

"அப்ப ஒப்படைக்கிறது?"

"அழைப்பு அனுப்பியிருக்கேன். பாருங்க."

அவர் போனைத் திறந்து படித்தார். நாளை காலை, மூன்றாம் எண் கூட்ட அறை. அழைக்கப்பட்டவர்கள்: ஹயாமா, கிருபா, ஆல்வின், தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டு ஆட்கள், தகவலுக்காக ஷிமோதா. முதல் தலைப்பு: மூன்று வாரச் சோதனை ஒரு வாரமானதற்கான காரணம், அதை முடிவு செய்தவர் பெயர்.

"ஷிமோதா மெயில் ஐடி உனக்கு எப்படி?"

"அவர்தான் கொடுத்தார். ரெண்டு கையால."

கிருபா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊருக்குப் போறவ நீ. எதுக்கும்மா இதையெல்லாம் கிளறுறே?"

"இருக்கறவங்களால முடியாதுல்ல. போறவதான் கிளற முடியும்."

ஆல்வின் எதிர்மேசையிலிருந்து தலையை நீட்டி, "நான் வரேன்க்கா, முழிச்சிருக்கேன்," என்றான்.

சாயங்காலம் ஹயாமா என் மேசைக்கு வந்து நின்றார். இதுவரை வந்ததில்லை. "மாரிச்செல்வி-சான்," என்றார், என் முழுப்பெயரை ஒவ்வொரு எழுத்தாக. "இந்த முதல் தலைப்பு, இதைக் கொஞ்சம் தனியாப் பேசலாமா? சாப்பிட்டுக்கிட்டே?"

"நாளைக்குக் காலைல பேசலாம். எல்லாரும் இருப்பாங்க."

பிறகு தன் இருக்கைக்குப் போனார். வீட்டுக்குக் கிளம்பும்முன் பார்த்தேன். அழைப்பில் அவர் பெயருக்கு நேராக 'வருகிறேன்' என்று வந்திருந்தது.

சனிக்கிழமை விமானம். அதுவரை இங்கே சோதனைத் தலைமை நான்தான். அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே மாதிரி பன்னிரண்டு நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் முதுகு உண்டு. திரைச்சீலையைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். காலையில் கிழக்கிலிருந்து நல்ல வெயில் வரும்.